விளாம்பழ ஜாம்: லேகியம் கிண்டுகிற முறையில்

ஆயுர்வேத ஜாம் என்று சொல்லிக்கொண்டு சுற்றுகிற குறிப்புகளில் பாதி, சீனியை எடுத்துவிட்டுத் தேனை ஊற்றிக் கொதிக்கவை என்கின்றன. வைத்தியம் கொஞ்சமாவது தெரிந்த ஒருவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், முகத்தைச் சுழிப்பார். தேனைச் சூடாக்காதே என்பது சரக சம்ஹிதை என்ற பழைய ஆயுர்வேத நூலின் காலத்திலிருந்து வருகிற விதி. மற்றப் பாதிக் குறிப்புகள் மஞ்சள், துளசி, அஸ்வகந்தா, அதிமதுரம் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஒரே சட்டியில் கொட்டச் சொல்கின்றன. கடைசியில் பழத்தின் ருசி எங்கே போனது என்று தேடவேண்டும்.

இரண்டுமே தேவையில்லை. நம்மிடம் லேகியம் இருக்கிறது. பழச்சதையையோ மூலிகைச் சாற்றையோ சர்க்கரையோடு காய்ச்சி, பதம் பார்த்து இறக்கி, சூரணம் தூவி, ஆறியபிறகு தேன் விட்டுக் கிளறி ஜாடியில் போட்டு வைப்பது. ஜாம் காய்ச்சுகிறவர் செய்வதும் ஏறக்குறைய இதுதான்; எந்தப் பதத்தில் நிறுத்துகிறோம் என்பதில்தான் வித்தியாசம். ஆகவே இங்கே சொல்லப்போவது லேகியம் கிண்டுகிற ஒழுங்கில் செய்கிற ஜாம். திருகோணமலையில் இதை ஆயுர்வேதம் என்பதைவிடச் சித்த வைத்தியம் என்றுதான் பலர் சொல்வார்கள், கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் சித்த மருத்துவமே படிப்பிக்கிறார்கள். அடுப்படியில் நின்று பதம் பார்க்கிறவருக்கு அந்தப் பிரிவு பெரிதாக முக்கியமில்லை.

பழம் எது என்று கேட்டால், தயக்கமில்லாமல் விளாம்பழம். நமது வறண்ட வலயத்து மரம், யாரும் தண்ணீர் ஊற்றாமலே காய்க்கிறது, மருந்து அடிக்கிற வேலையும் அநேகமாக இல்லை. ஜாம் இறுகுவதற்குத் தேவையான பெக்டினும் புளிப்பும் இரண்டுமே அதற்குள் இருக்கின்றன, கடையில் பெக்டின் தூள் தேடி அலையவேண்டாம். இன்னொரு காரணமும் உண்டு. சார்ங்கதர சம்ஹிதை என்ற இன்னொரு பழைய வைத்திய நூலில் கபித்தாஷ்டகம் என்று ஒரு சூரணம் வருகிறது, வயிற்றோட்டத்துக்கும் சமிபாட்டுக் கோளாறுக்கும் கொடுப்பது; விளாம்பழச் சதை 8 பங்கு, சீனி 6 பங்கு, அதோடு திப்பிலி, மாதுளை, பிறகு சிறு அளவில் சுக்கு, மிளகு, சீரகம், கொத்தமல்லி, கறுவா, ஏலம் என்று பட்டியல் நீள்கிறது. அது காய்ந்த தூள், ஜாம் இல்லை. ஆனாலும் 8-க்கு 6 என்ற அந்தக் கணக்கைப் பாருங்கள், ஒரு கிலோவுக்கு முக்கால் கிலோ! ஜாமுக்கு நான் போடுகிற சீனியும் அதே அளவுதான். விளாம்பழத்தோடு எந்தச் சரக்கு சேரும் என்பதையும் அந்தப் பட்டியலே சொல்லிவிடுகிறது, நாம் புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இது மருந்து இல்லை, பாணுக்குப் பூசிச் சாப்பிடுகிற ஜாம். வயிற்றோட்டம் என்றால் வைத்தியரிடம் போங்கள்.

பழம் எடுக்கிறபோது

சந்தையில் விளாம்பழத்தை முகர்ந்து பார்க்க வெட்கப்படாதீர்கள். பழுத்தது ஓட்டுக்கு வெளியிலேயே மணக்கும், காய்க்கு மணமே இராது. ஓர் அடி உயரத்திலிருந்து தரையில் விட்டுப் பார்ப்பதும் உண்டு: காயாக இருந்தால் துள்ளும், பழமாக இருந்தால் தொப்பென்று விழுந்த இடத்தில் கிடக்கும். கையில் எடுத்தால் பாரம் தெரியவேண்டும். யானை உண்ட விளாங்கனி மாதிரி லேசாக இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். ஓட்டில் வெடிப்பு இருந்தாலும் வேண்டாம், அந்த வழியால் பூஞ்சணம் உள்ளே போயிருக்கும். வீட்டுக்கு வந்து உடைத்தபிறகு ஒவ்வொன்றாக மணந்து பார்த்துத்தான் சேர்க்கவேண்டும். விளாம்பழத்துக்கே ஒரு கடுத்த மணம் உண்டு, அது சரி. கள்ளு மணமோ பூஞ்சண மணமோ வந்தால் அந்தப் பழத்தை முழுதாகத் தள்ளுங்கள், ஒரு கெட்ட பழம் சட்டி முழுவதையும் கெடுத்துவிடும்.

எல்லாம் நன்றாகப் பழுத்ததாக இருக்கவும் வேண்டாம். நான்கில் ஒன்று அரைப்பழமாக, சதை இன்னும் வெளிறியதாக இருப்பது நல்லது. பெக்டின் அதில்தான் அதிகம், துவர்ப்பும் கொஞ்சம் சேரும்.

என்ன வேண்டும்

நடுத்தரமான விளாம்பழம் எட்டு. வடித்த கூழ் ஒரு லீற்றர் வந்தால் அதற்குச் சீனி அரைக்கிலோ, பனங்கட்டி கால்கிலோ. தேசிக்காய் இரண்டு. திப்பிலித் தூள் அரைத் தேக்கரண்டி, வேர்க்கொம்பு (சுக்கு) தூள் அரைத் தேக்கரண்டி, விரல் நீளத்தில் கறுவாப்பட்டை ஒன்று, ஏலக்காய் ஐந்து, உப்பு ஒரு சிட்டிகை, நெய் ஒரு தேக்கரண்டி. உறைப்பு விரும்புகிறவர்கள் கால் தேக்கரண்டி மிளகு சேர்க்கலாம். இவ்வளவுதான்.

திப்பிலி சாதாரணப் பலசரக்குக் கடையில் இல்லாவிட்டால் நாட்டு மருந்துக் கடையில் இருக்கும். தூளாக வாங்காமல் முழுசாக வாங்கி, வெறும் தாச்சியில் மணம் வரும்வரை சூடாக்கி நீங்களே இடியுங்கள். வேர்க்கொம்பும் அப்படித்தான், பழைய தூளில் காரம் மட்டும் மிஞ்சி மணம் போயிருக்கும். மிளகு நாக்கில் பட்டவுடனே உறைக்கும். திப்பிலி முதலில் லேசான இனிப்பாகத் தொடங்கி, விழுங்கியபிறகு தொண்டையில் மெதுவாகச் சூடு காட்டும். ஜாமுக்கு அந்தப் பிந்தி வருகிற உறைப்புத்தான் பொருந்துகிறது, அதனால்தான் மிளகை விருப்பத்துக்கு விட்டுவிட்டுத் திப்பிலியை உறுதியாகப் போடச் சொல்கிறேன். நற்சீரகமும் அந்தப் பழைய பட்டியலில் இருக்கிறது, ஆனால் ஜாமில் சீரக மணம் வந்தால் எனக்கு ரசத்தின் நினைவுதான் வருகிறது, நான் போடுவதில்லை.

அறுசுவையும் இருக்கவேண்டுமே என்று யாராவது கேட்பார்கள். இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு, உறைப்பு, ஒரு சிட்டிகை உவர்ப்பு, ஐந்து வந்துவிட்டது. கைப்புக்காக வெந்தயத்தைக் கொண்டுவந்து போடாதீர்கள். கைப்பு வேண்டுமானால் தேசிக்காய்த் தோலில் இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன்.

பனங்கட்டி பற்றி ஒரு வார்த்தை. முழுவதையும் பனங்கட்டியிலேயே செய்தால் என்ன என்று தோன்றும். செய்யலாம், ஆனால் நிறம் கறுத்து, விளாம்பழ மணம் அடங்கி, இறுக்கமும் குறைந்து வரும். கருப்பநீர் புளிக்காமல் இருக்க முட்டிக்குள் சுண்ணாம்பு பூசித்தான் இறக்குகிறார்கள், அந்தச் சுண்ணாம்பில் கொஞ்சம் பனங்கட்டிக்குள்ளும் வந்துவிடுவதால் பழத்தின் புளிப்பில் ஒரு பங்கை அது தின்றுவிடும். புளிப்புக் குறைந்தால் பெக்டின் இறுகாது. அதனால்தான் விளாம்பழத்துக்கு அவ்வளவு தேவையில்லாத தேசிக்காயை இங்கே இரண்டு கேட்கிறேன். வெறும் சீனியில் செய்தால் ஒன்றே போதும். பனங்கட்டியை நேரடியாகச் சட்டியில் போடாமல் அரைக் கோப்பைத் தண்ணீரில் உருக்கி வடித்துச் சேருங்கள், மண்ணும் தும்பும் எப்படியும் இருக்கும்.

சீனிக்குப் பதில் பனங்கட்டி போட்டால் சீனி வருத்தக்காரர் பயமில்லாமல் சாப்பிடலாம் என்று ஒரு கதை ஊரெல்லாம் உலவுகிறது. பனங்கட்டியிலும் பெரும்பங்கு இருப்பது சீனியில் இருக்கிற அதே சுக்குரோசுதான். ருசிக்காகப் போடுங்கள், நோய்க்காகப் போடாதீர்கள்.

கூழ் எடுத்தல்

பழத்தை உடைத்துச் சதையைக் கரண்டியால் வழித்து ஒரு சட்டியில் போட்டு, சதை மூழ்குகிற அளவுக்குத் தண்ணீர் விட்டு, கையால் நன்றாகப் பிசையுங்கள். ஓட்டை ஒட்டி இருக்கிற கடைசிப் படையைச் சுரண்டவேண்டாம், துவர்ப்பு நாக்கைப் பிடிக்கும். தேசிக்காயைப் பிழிந்து சாற்றைத் தனியாக எடுத்துவைத்துவிட்டு, பாதித் தோலையும் விதைகளையும் ஒரு வெள்ளைத் துணியில் முடிந்து சதையோடு போடுங்கள். பெக்டினும் லேசான கைப்பும் அதிலிருந்து இறங்கும். மூடி, சிறு தீயில் கால் மணி நேரம் வேகவிடுங்கள்.

இந்தக் கட்டத்தில் சீனி சேர்க்கக்கூடாது. பழத்தின் நாரிலிருந்து பெக்டின் கரைந்து வெளியே வருவதற்கு வெறும் தண்ணீரும் சூடும் புளிப்பும்தான் வேண்டும், சீனி முதலிலேயே போய்விட்டால் அது தண்ணீரைப் பிடித்துக்கொண்டுவிடும்.

பிறகு துணி முடிச்சை எடுத்துப் பிழிந்துவிட்டு, கண்ணறை பெரிய வடியில் ஊற்றிக் கரண்டியால் அழுத்தித் தேய்த்து வடியுங்கள். விதையும் நாரும் மேலே நிற்கும். கை வலிக்கிற வேலை, மிக்சியில் அடித்துவிடலாமே என்று தோன்றும். அடித்தால் விதை உடைந்து ஜாம் முழுவதும் மணல் கடிப்பது போல் இருக்கும், வேண்டாம். வடித்த கூழை அளந்துகொள்ளுங்கள். ஒரு லீற்றருக்கு முன்பின் வரும், அதற்கேற்றபடி சீனியைக் கூட்டிக் குறைத்தால் சரி.

அடுப்பில்

பாத்திரம் அகலமாக இருக்கட்டும். எவர்சில்வர் நல்லது, எனாமலும் பரவாயில்லை. அலுமினியமும் இரும்புத் தாச்சியும் வேண்டாம், இவ்வளவு புளிப்பு உள்ள பழம் உலோகத்தைக் கரைத்து ருசியையும் நிறத்தையும் கெடுத்துவிடும். பித்தளை என்றால் உள்ளே வெள்ளீயம் பூசியதாக இருக்கவேண்டும், பூச்சுத் தேய்ந்த பழைய பித்தளையில் கைவைக்கவே வேண்டாம். கூழ் பாத்திரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கொதிக்கிறபோது பொங்கி எழும். பழம் நிறைய இருக்கிறதென்று மூன்று லீற்றரை ஒரே தடவையில் ஏற்றாதீர்கள். வற்ற நெடுநேரம் எடுக்கும், அவ்வளவு நேரம் கொதித்தால் பெக்டின் உடைந்துபோய் எவ்வளவு கிண்டினாலும் இறுகாது. லீற்றர் லீற்றராகச் செய்வதுதான் முடிவில் வேகமான வழி.

கூழைச் சூடாக்கி, சீனியும் வடித்த பனங்கட்டிப் பாகும் தேசிப்புளியும் உப்பும் சேர்த்து, சிறு தீயில் சீனி முற்றாகக் கரையும்வரை கிண்டுங்கள். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கிற சீனிமணிகளையும் வழித்து உள்ளே தள்ளுங்கள், இல்லாவிட்டால் பிறகு போத்தலில் கற்கண்டு கட்டும். கறுவாப்பட்டையையும் திப்பிலியையும் மிளகையும் இப்போது போடலாம், இவை கொதிக்கக் கொதிக்கத்தான் உள்ளே இறங்கும். ஏலமும் வேர்க்கொம்பும் பக்கத்தில் காத்திருக்கட்டும்.

சீனி கரைந்தபிறகு தீயைக் கூட்டுங்கள். முதல் பத்து நிமிடம் சும்மா சும்மா கிண்டத் தேவையில்லை, இடையிடையே அடியைத் தொட்டுவிட்டால் போதும். பிறகு கூழ் தடித்து, குமிழிகள் பெரிதாகி, டப் டப் என்று வெடித்துத் தெறிக்கத் தொடங்கும். விளாம்பழக் கூழ் தெறித்தால் தோலோடு ஒட்டிக்கொண்டு சுடும், ஆகவே நீளமான காம்புள்ள அகப்பை எடுத்து, கைக்கு ஒரு துணி சுற்றிக்கொண்டு, பிள்ளைகளைக் குசினிக்கு வெளியே அனுப்பிவிட்டு, தீயைக் கொஞ்சம் இறக்கி, கைவிடாமல் கிண்டவேண்டியது இந்த நேரத்தில்தான். மேலே நுரை கட்டினால் அந்த ஒரு தேக்கரண்டி நெய்யை விடுங்கள், அடங்கிவிடும். லேகியத்திலும் நெய் சேர்ப்பார்கள், அங்கே அதற்குக் காரணம் வேறு, இங்கே நுரைக்காகத்தான்.

மொத்தமாக அரை மணி நேரத்திலிருந்து முக்கால் மணி நேரம் வரை போகலாம். தண்ணீர் எவ்வளவு விட்டீர்கள், அடுப்பு எப்படி, பாத்திரம் எவ்வளவு அகலம் என்பதைப் பொறுத்தது. கடிகாரத்தைப் பார்த்து இறக்குகிற காரியம் இல்லை இது.

பதம்

லேகியம் வெந்துவிட்டது என்று எப்படித் தெரியும் என்பதற்குப் பழைய நூல்கள் அடையாளங்கள் சொல்லியிருக்கின்றன: கரண்டியிலிருந்து எடுத்தால் கம்பி இழுக்கவேண்டும், தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் போய் இருக்கவேண்டும், விரலால் அழுத்தினால் ரேகை பதியவேண்டும், மணம், நிறம், ருசி மூன்றும் கூடி வரவேண்டும். வெப்பமானி இல்லாத காலத்தில் இவ்வளவு நுட்பமாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் ஜாமுக்கு இவை எல்லாவற்றையும் அப்படியே எடுக்கமுடியாது, எதை எடுப்பது எதை விடுவது என்று தெரிந்துகொள்ளவேண்டும்.

கம்பிப் பதம் சீனிப்பாகுக்குச் சரியான அடையாளம். நார்ச்சத்துள்ள பழக்கூழில் அது ஏமாற்றும், கூழ் தன்பாட்டுக்கே வழுக்கிக்கொண்டு இழுபடும். தண்ணீர்ச் சோதனை நன்றாக வேலை செய்கிறது: ஒரு கோப்பையில் குளிர்ந்த தண்ணீர் எடுத்து ஒரு துளி விடுங்கள். புகை மாதிரிப் பரவினால் இன்னும் நேரம் இருக்கிறது. துளியாகவே கீழே போய் உட்கார்ந்து, கோப்பையை மெதுவாக ஆட்டினாலும் கலையாமல் இருந்தால் நெருங்கிவிட்டது. விரல் ரேகை பதிகிற பதம் வரை போகவே கூடாது. அது லேகியத்துக்கு, உருட்டி எடுத்துச் சாப்பிடுவதற்கு; அந்தப் பதத்தில் போத்தலில் போட்டால் மறுநாள் கரண்டி இறங்காது.

உறுதியாகத் தெரிய ஒரு சின்னத் தட்டை முன்கூட்டியே பிரிட்ஜின் உறைபெட்டியில் வைத்திருங்கள். அடுப்பைக் குறைத்துவிட்டு (சோதிக்கிற நேரத்திலும் கொதித்துக்கொண்டே இருந்தால் பதம் தாண்டிவிடும்) அரைக் கரண்டி ஜாமைத் தட்டில் விட்டு ஒரு நிமிடம் ஆறவிட்டு விரலால் ஓரத்திலிருந்து தள்ளுங்கள். மேலே சுருக்கம் விழுந்தால், விரல் போன பாதை மூடாமல் அப்படியே நின்றால், இறக்கலாம். சட்டியில் இருக்கிறபோது இன்னும் தளர்வாகத்தான் தெரியும். அதை நம்பாதீர்கள், தட்டை நம்புங்கள்.

வெப்பமானி இருப்பவர்களுக்குக் கணக்கு 104 இலிருந்து 105 பாகை செல்சியஸ். திருகோணமலை கடல்மட்டத்தில் இருப்பதால் இந்த எண் அப்படியே பொருந்தும். நுவரெலியாவில் இருக்கிற அக்காவுக்கு இதைச் சொல்லி அனுப்பினால் அவர் ஜாமைக் கருக்கிவிடுவார், அந்த உயரத்தில் தண்ணீரே ஏறத்தாழ 94 பாகையில் கொதித்துவிடுகிறது. அங்கே 98 இலேயே இறக்கவேண்டும். அதாவது எங்கே இருந்தாலும் தண்ணீர் கொதிக்கிற சூட்டுக்கு மேல் நான்கைந்து பாகை.

இறக்கியபிறகு

அடுப்பை அணைத்தபிறகுதான் ஏலத்தூளும் வேர்க்கொம்பும். லேகியத்திலும் வாசனைச் சூரணங்களைக் கடைசியில், இறக்கியபிறகுதான் தூவுவார்கள், காரணம் ஒன்றுதான்: கொதிக்கவிட்டால் அந்த எண்ணெய்கள் ஆவியாகிக் குசினி மணக்கும், ஜாம் மணக்காது. கறுவாப்பட்டையை எடுத்துவிடுங்கள்.

தேன் சேர்க்க ஆசையாக இருந்தால், ஜாம் முழுதாக ஆறியபிறகு, சாப்பிடப்போகிற அளவை மட்டும் ஒரு கோப்பையில் எடுத்து அதில் ஒரு கரண்டி கலந்துகொள்ளுங்கள். சுடச்சுட இருக்கிறபோது விட்டால் வைத்திய விதியும் உடைகிறது, தேனின் மணமும் போய்விடுகிறது, கொடுத்த காசுக்கும் நட்டம். போத்தல் முழுவதற்கும் ஆறியபிறகு கலக்கலாமே என்றால், ஆறின ஜாமைக் கிளறினால் இறுகிய பிடிப்பு உடைந்து தண்ணீர் விடும். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு எந்த வடிவத்திலும் தேன் கொடுக்கவேண்டாம், இது பழைய விதி இல்லை, இன்றைய மருத்துவர்கள் சொல்வது.

போத்தல்களை ஜாம் கொதிக்கிற நேரத்திலேயே தயார் செய்து வைத்திருக்கவேண்டும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, பெரிய சட்டியில் தண்ணீருக்குள் மூழ்கவைத்துப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, சுத்தமான துணியில் கவிழ்த்து ஈரம் போகவிடுங்கள். துணியால் உள்ளே துடைக்காதீர்கள், கொதிக்கவைத்த பலன் போய்விடும். போத்தல் சூடாகவும் ஜாம் சூடாகவும் இருக்கிறபோதே, வாயிலிருந்து அரை விரல் இடம் விட்டு நிரப்பி, ஓரத்தில் வழிந்ததைத் துடைத்து உடனே இறுக்கி மூடுங்கள். சூடான போத்தலை ஈரச் சீமெந்துத் தரையில் வைத்தால் வெடிக்கும், மரப்பலகையிலோ மடித்த துணியிலோ வையுங்கள். பழைய ஜாம் போத்தல்கள் நன்றாகவே உதவும், மூடியின் உள்வளையம் பிய்ந்திருக்காமல் இருந்தால். ஊறுகாய் போட்ட போத்தலின் மூடியை மட்டும் எடுக்காதீர்கள், எவ்வளவு கழுவினாலும் அந்த மணம் போகாது.

வெளியே எவ்வளவு நாள் இருக்கும் என்பதுதான் எல்லாரும் கேட்பது. சொன்ன அளவில் சீனி போட்டு, பதம் சரியாக வந்து, கொதிக்கவைத்த போத்தலில் சூடாக மூடியிருந்தால், திறக்காதவரை வெளிச்சம் படாத அலுமாரியில் சில மாதம் தாங்கும். திறந்தபிறகு நம்முடைய வெக்கைக்கு பிரிட்ஜ்தான். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களைவிட மார்கழி மழைக்காலத்தில் இன்னும் கவனம் வேண்டும், ஈரக்காற்றுக்குப் பூஞ்சணம் சீக்கிரம் பிடிக்கும். ஈரக் கரண்டி போடாதீர்கள், பாண் தூளோடு கத்தியை உள்ளே விடாதீர்கள். மேலே பூஞ்சணம் தெரிந்தால் அதை மட்டும் வழித்து எறிந்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுகிற பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது, வேண்டாம், கண்ணுக்குத் தெரியாமல் கீழேயும் இறங்கியிருக்கும், போத்தலோடு கொட்டுங்கள்.

சீனியைக் குறைத்தால் ஜாம் கெட்டுவிடுமா என்றால், உடனே கெட்டுவிடாது, ஆனால் அது வேறு பண்டம் ஆகிவிடும். சீனி இனிப்புக்கு மட்டும் அங்கே இல்லை, தண்ணீரைப் பிடித்துவைத்து நுண்ணுயிர் வளராமல் பார்ப்பதும் அதுதான். முடிந்த ஜாமில் ஏறக்குறைய 65 சதவீதம் சீனியாக இருக்கிறபோதுதான் அந்த வேலை ஒழுங்காக நடக்கிறது. பாதிச் சீனியில் செய்தால் சிறிதாகச் செய்து, பிரிட்ஜில் வைத்து, இரண்டு மூன்று கிழமைக்குள் முடித்துவிடுங்கள்.

இறுகாவிட்டால், கிண்டி முடிந்த மறுநாள் பார்த்தாலும் பாணி மாதிரி ஓடினால், திரும்பச் சட்டியில் ஊற்றி ஒரு தேசிக்காய்ப் புளி விட்டு ஐந்து பத்து நிமிடம் கொதிக்கவிட்டுத் தட்டுச் சோதனை செய்யுங்கள். அப்படியும் ஓடினால் விட்டுவிடுங்கள், தண்ணீர் கலந்து குடிக்க நல்ல பானம். மிஞ்சி இறுகிப்போனால் கொஞ்சம் கொதிநீர் விட்டு இளக்கலாம். கருகினால் வழியில்லை.

வேறு பழத்தில் செய்ய

ஒழுங்கு இதேதான், புளிப்பும் பெக்டினும் மட்டும் பழத்துக்குப் பழம் மாறும். மாம்பழத்தில் நன்றாகப் பழுத்ததற்கு இரண்டும் குறைவு, ஆகவே நான்கில் ஒரு பங்கு செங்காய் சேர்த்து, கிலோவுக்கு இரண்டு தேசிக்காய் பிழிந்து, சீனியை அறுநூறு கிராமாகக் குறைக்கலாம். வேர்க்கொம்பும் ஏலமும் போதும், திப்பிலி வேண்டாம். அன்னாசிக்குப் புளிப்பு உண்டு, பெக்டின் இல்லை. சம அளவு கொய்யாக் கூழ் சேர்த்தால் வடிவாக இறுகும், கறுவாவும் மிளகும் அதற்குப் பொருத்தம். பப்பாசிக்குத் தேசிப்புளியைக் குறைக்கவே கூடாது. கிலோவுக்கு நான்கு மேசைக்கரண்டியாவது வேண்டும், ருசிக்காக இல்லை, காப்புக்காக. புளிப்பே இல்லாத பழத்தைச் சீனியும் குறைத்து மூடி வெளியே வைப்பது ஆபத்தான காரியம்.

நெல்லிக்காயில் செய்வதென்றால் அது ஏற்கெனவே சியவனப்பிராசம் என்ற நெல்லிக்காய் லேகியத்தின் பாதை. அவித்து விதை எடுத்து, சதையை மசித்து, நெய்யில் நிறம் மாறும்வரை வதக்கிவிட்டுத்தான் சீனிப்பாகில் சேர்க்கவேண்டும். அந்த வதக்கலை விட்டால் துவர்ப்பு முன்னுக்கு நிற்கும். திப்பிலி, கறுவா, ஏலம் மூன்றும் அதில் நன்றாக நிற்கின்றன.

பாலைப்பழத்தை ஜாம் ஆக்கலாமா என்று ஒவ்வொரு காலமும் யாராவது கேட்கிறார்கள். ஆக்காதீர்கள். பாலும் பிசினுமாக அடியில் ஒட்டும், சூடு பட்டால் அந்தத் தேன் மாதிரியான ருசியும் போய்விடும். காலத்தில் பையோடு வாங்கி அப்படியே சாப்பிடுங்கள்.

விளாம்பழ ஜாமுக்குத் திரும்பினால், பாணுக்கும் ரொட்டிக்கும் போக, ஒரு கரண்டியைத் தேங்காய்ப்பாலில் கரைத்துக் குடித்துப் பாருங்கள், விளாம்பழத்தையும் தேங்காய்ப்பாலையும் சேர்த்துக் குடிக்கிற நமது பழைய வழக்கம்தான், சரக்கோடு. பசுப்பாலில் கரைக்கவேண்டாம், புளிப்புப் பழமும் பாலும் ஒன்றாகச் சேர்வதை ஆயுர்வேதம் விருத்த ஆகாரம், அதாவது ஒன்றுக்கொன்று ஒவ்வாத உணவு, என்று தள்ளிவைக்கிறது, விதியை நம்பாவிட்டாலும் பால் திரிவதைக் கண்ணால் பார்க்கலாம். பிளேன்டீயில் சீனிக்குப் பதில் அரைக் கரண்டி போட்டால் இஞ்சித் தேத்தண்ணிக்குக் கிட்ட வரும். காரமாகப் பொரித்த மீனுக்குப் பக்கத்தில் வைத்துச் சாப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள், அதற்கென்றால் மிளகை இரட்டிப்பாக்கி ஏலத்தை விட்டுவிடுங்கள்.